128 தையல்

படகின் வரைபடத்தைக் கூடத்துத் தரையில் விரித்து வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா காபி டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இது என்ன, பிளவுஸ் வெட்டு மாதிரி இருக்கு?" என்றாள்.

அம்மா நாற்பது வருடம் தையல் மிஷினை மிதித்தவள். எனக்குப் பள்ளிக் கட்டணம், தம்பிக்கு சைக்கிள், வீட்டுக்குக் கூரை எல்லாமே அந்த மிஷினிலிருந்து வந்தவை. அதனால் அவள் பார்வையில் எதுவும் முதலில் துணியாகத்தான் தெரியும். ஆனால் அன்று அவள் சொன்னது அப்படியே உண்மை. தரையில் இருந்தவை ஏழு துண்டுகள். அடிப்பலகை ஒன்று, அதன் இருபுறமும் சாய்ந்து ஏறும் பலகைகள் இரண்டு, அவற்றுக்கு மேலே பக்கப்பலகைகள் இரண்டு, முன்னால் ஒரு அடைப்பு, பின்னால் ஒரு அடைப்பு. எல்லாமே தட்டையானவை. நீளவாட்டில் ஓடும் ஒரு விளிம்புகூட நேர்கோடு இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளியை இழுத்துச் சேர்த்துத் தைக்கும்போதுதான் பலகை வளைந்து எழும்பும். பிளவுஸில் டாட் பிடிப்பதும் அதற்குத்தான். தட்டைத் துணியில் ஒரு முக்கோணத்தை மடித்துத் தைத்தவுடன் அதில் உடம்பின் வளைவு வந்துவிடுகிறது.

அந்தக் காலையிலிருந்து படகை நான் தையல் வேலையாகவே பார்க்க ஆரம்பித்தேன். எட்டு மாதம் கழித்து அது தண்ணீரில் இறங்கியதுவரை அந்தப் பார்வை எனக்கு உதவியது.

எங்கள் வீடு பரங்கிப்பேட்டைக்குப் பக்கம். வெள்ளாறு கடலில் கலக்கும் இடம். தெற்கே போனால் கிள்ளை, அதைத் தாண்டிப் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. சின்ன வயதில் ஆற்றைக் கடக்க மர ஓடத்தில் போயிருக்கிறேன். அதன் உள்பக்கம் எண்ணெயும் குங்கிலியமும் கலந்த ஒரு வாசனை வரும். பலகைகளின் நடுவே பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்த கோடுகள் கறுப்பாக ஓடும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். வாழ்க்கையைத் தொலைத்தவர்களுக்கு உடனே தொழிலுக்குப் போக அவைதான் கைகொடுத்தன. ஆனால் அந்தச் சில வருடங்களுக்குள் மரப்படகு செய்த கைகள் கதவுக்கும் கட்டிலுக்கும் போய்விட்டன. கரையில் இப்போது மரவாசனை இல்லை. எனக்கு ஒரு படகு வேண்டும் என்பதைவிட, மரம் எப்படிப் படகாகிறது என்பதை என் கையால் ஒருமுறை தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் ஆசை.

நான் எடுத்துக்கொண்ட முறை பழைய ஓடத்தின் முறை இல்லை. ஏரா என்ற அடிமரம் போட்டு, வங்கு என்ற விலாக்கட்டைகளை நிறுத்தி, கெட்டிப் பலகையைச் சூடு காட்டி வளைத்து அடிக்க எனக்கு இடமும் இல்லை, திறமையும் இல்லை. பிளைவுட்டைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளை எபாக்சிப் பிசினாலும் கண்ணாடியிழை நாடாவாலும் ஒட்டும் முறை இது. இங்கிலாந்தில் 1960களின் தொடக்கத்தில் பாரி பக்னெல் என்பவரும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகை இப்படித்தான் உருவாக்கினார்கள். பக்னெல் தொலைக்காட்சியில் வீட்டு மரவேலை கற்றுக்கொடுத்தவர். டெய்லி மிரர் பத்திரிகை பின்னால் நின்றது, படகுக்குப் பெயரும் அங்கிருந்துதான். நீளம் 10 அடி 10 அங்குலம். படகுக் கொட்டகையே பார்த்திராத குடும்பங்கள் கார் நிறுத்தும் அறையில் அதைச் செய்தார்கள். இன்றுவரை 70,000க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம் கரையின் சலங்குதான் நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரர்கள் மசூலா என்று எழுதி வைத்த படகு. சென்னையிலும் புதுச்சேரியிலும் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலைக்கு நடுவே கரைக்குக் கொண்டுவந்தது இந்தச் சலங்குதான். அதில் ஆணி கிடையாது. பலகைக்குப் பலகை துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே வங்கும் கிடையாது. ஆணி அடித்த படகு மணலில் மோதினால் பலகை பிளக்கும். தைத்த படகோ அலையின் அடிக்கு நெளிந்து கொடுக்கும். கயிற்றின் வேலையைச் செப்புக் கம்பி செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று முதலில் நினைத்தேன். அது சரியில்லை. என் படகில் கம்பி தற்காலிகம். பிசின் இறுகியதும் உருவிவிட வேண்டும். அம்மா இதற்கும் பெயர் வைத்திருந்தாள்: "அப்ப இது ஓட்டுத் தையல்." மிஷினில் கொடுப்பதற்கு முன் கையால் இடைவெளி விட்டுப் போடும் தையல், தைத்து முடித்ததும் பிரித்தெடுக்கும் தையல். அதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் ஒரு மாதிரி செய்தேன். ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கு. வீட்டில் கிடந்த கெட்டியான கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஊசி நூலால் தைத்தேன். முதல் மாதிரியின் முனை பன்றி மூக்கு மாதிரி தூக்கிக்கொண்டது. இரண்டாவதில் நடு உள்ளே ஒடுங்கியது. நான்காவதில்தான் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கத் தோன்றும் ஒரு உருவம் வந்தது. படகு செய்ய நினைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த அட்டை வேலையைத் தாண்டிப் போகாதீர்கள். அட்டை வளைய மறுக்கும் இடத்தில் பிளைவுட்டும் வளையாது. அட்டையில் ஒரு மாலைப்பொழுது போகும், பிளைவுட்டில் ஒரு பலகையே போய்விடும்.

மரம் வாங்கியதில் ஒரு பாடம் இருந்தது. மரைன் பிளை என்று கடையில் கொடுப்பதெல்லாம் மரைன் பிளை ஆகிவிடாது. பலகையில் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் இருக்க வேண்டும். அந்தத் தரத்தின்படி, மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்குகள் பிரியக் கூடாது. நான் முதலில் வாங்கிய பலகையிலும் அந்த எண் அச்சடித்திருந்தது. ஓரத்தில் ஒரு துண்டு அறுத்து, பழைய பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தேன். ஆறு மணி நேரத்தில் புத்தகம் மாதிரி விரிந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பலகை இப்போது எங்கள் வீட்டில் அலமாரித் தட்டாக இருக்கிறது. இரண்டாவது இடத்தில் துண்டைக் கேட்டு வாங்கி, மூன்று நாள் வேகவைத்துப் பார்த்தபிறகே காசு கொடுத்தேன். 6 மில்லிமீட்டர் கனம், எட்டுக்கு நாலு அடி, மூன்று பலகைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 கிலோ.

என் படகின் நீளம் ஒன்பதரை அடி. பலகையோ எட்டடி. அதனால் நீளத்தைக் கூட்ட இரண்டு பலகைகளைச் சரிவாக இழைத்து ஒட்ட வேண்டும். பலகையின் கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு இருக்க வேண்டும் என்பது கணக்கு. 6 மில்லிமீட்டருக்கு 48, கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். இழைப்புளியைக் கூராக்கி, இரண்டு பலகைகளைப் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளி வைத்து ஒரே சரிவாக இழைத்தேன். இழைக்க இழைக்க அடுக்குகள் வெளிர், கறுப்பு, வெளிர் என்று பட்டைப் பட்டையாகத் தெரியும். சரிவு நேராக இருந்தால் பட்டைகளும் நேராக ஓடும். எங்கேயாவது ஆழமாக இறங்கிவிட்டால் அந்த இடத்தில் பட்டை வளையும். தப்பை மரமே காட்டிக் கொடுக்கிறது. இந்த எட்டு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு நாட்கள் அவை.

பெரியவர் வந்தது அதற்கு அடுத்த வாரம். அவர் ஒரு ஓடாவி, அதாவது படகு செய்யும் தச்சர், எழுபது வயதைத் தாண்டியவர். இந்தக் கரையில் எத்தனையோ படகுகளுக்கு வங்கு நிறுத்தியவர். இழைக்கிற சத்தம் கேட்டுத் தெருவிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் பலகையில் வளைவுக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அடிக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு சின்ன ஆணி, ஆணிகளை ஒட்டி ஒரு மெல்லிய மரச்சட்டத்தை வளைத்துப் பிடித்து, அதை ஒட்டிப் பென்சில். அவர் பலகையின் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தின் ஓரமாகப் பார்த்தார்.

"அந்த ஆறாவது ஆணியப் பிடுங்கும்மா."

"கணக்குப்படி அங்கதாங்கய்யா வருது."

"கணக்கு இருக்கட்டும். பிடுங்கிப் பாரு."

பிடுங்கினேன். சட்டம் ஒரு நூல் அளவு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. ஒரு நூல் என்றால் எட்டில் ஒரு பங்கு அங்குலம். அவர் என்னை அவர் இடத்தில் உட்காரச் சொன்னார். அங்கிருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. முன்பு அந்த இடத்தில் கோடு ஒரு கணம் தயங்கியிருக்கிறது, இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. நான் மாதிரியிலிருந்து அளவெடுத்தபோது கால்மில்லி தவறியிருக்கிறேன், பன்னிரண்டு மடங்காகப் பெருக்கியதும் அது மூன்று மில்லியாகிவிட்டது. எண்களை எத்தனை தடவை சரிபார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. அதன்பிறகு அவர் வாரம் ஒருமுறை வந்தார். டீயைத் தவிர எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார். பிளைவுட்டை மட்டும் அவர் கடைசிவரை மரம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. "இலுப்பை, புன்னை, வேம்பு, இதெல்லாம் மரம். இது பலகை" என்பார்.

இடது, வலது துண்டுகளைத் தனித்தனியாக அறுக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு ஒன்றாக அறுத்து, ஒன்றாக இழைக்க வேண்டும். சட்டையின் இரண்டு கையையும் துணியை மடித்து ஒரே வெட்டாக வெட்டுவது போல. விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, 12 சென்டிமீட்டருக்கு ஒரு துளை. எதிர்ப் பலகையிலும் அதற்கு நேரே ஒரு துளை. எண்ணிப் பார்த்தேன், 128 தையல், 256 துளை.

தைத்த ஞாயிற்றுக்கிழமையை மறக்க முடியாது. காலையில் தரையில் கிடந்த தட்டைத் துண்டுகள் மாலைக்குள் எழுந்து நின்றுவிட்டன. தம்பி ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க, நான் செப்புக் கம்பியை நுழைத்து, வெளிப்பக்கம் குறடால் முறுக்கிக்கொண்டே போனேன். முறுக்க முறுக்க விளிம்புகள் நெருங்கின, பலகை முனகியது, படகின் முன்முனையான அணியம் மெல்லத் தூக்கியது. தெருவில் போனவர்கள் உள்ளே வந்து பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் பார்த்தால் படகு திருகியிருந்தது. அணியத்தில் ஒரு நேர்ச்சட்டம், பின்முனையான அமரத்தில் ஒரு நேர்ச்சட்டம், குறுக்கே வைத்து ஒன்றின் மேலாக மற்றொன்றைப் பார்த்தேன். இரண்டும் இணையாக இல்லை. ஒரு ஓரத்தில் முக்கால் அங்குலம் தூக்கல். மூலைக்கு மூலை அளந்தால் அதிலும் வித்தியாசம். இப்படியே ஒட்டியிருந்தால் வாழ்நாள் முழுவதும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகும் படகு கிடைத்திருக்கும். அளவெல்லாம் சரி, வெட்டும் சரி, பிறகு ஏன்? அம்மா வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"ஒரு பக்கத்த முழுசா முடிச்சிட்டு அடுத்த பக்கம் போனியா?"

ஆமாம். அப்படித்தான் செய்திருந்தேன்.

"துணியும் திருகும்டி. நடுவுல ஆரம்பிச்சு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு போடணும்."

எல்லாக் கம்பியையும் தளர்த்தினேன். நடுவில் தொடங்கி, இடம் ஒன்று வலம் ஒன்று என்று மாறி மாறி மறுபடி முறுக்கினேன். எதையும் முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோகாமல் மூன்று சுற்றாக. கடைசியில் மூலைக்கு மூலை ஒரு மரச்சட்டத்தை வைத்துக் கட்டி நேராக்கினேன். சாயங்காலம் பெரியவர் இரண்டு சட்டங்களையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

எபாக்சி வேலையைப் பற்றி நம் ஊர் வெயிலை வைத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர்நாட்டு வழிமுறைகள் இங்கே உதவாது. சூடு 10 டிகிரி ஏறினால் பிசின் கையில் நிற்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அந்த வேலை எனக்கு மே மாதத்தில் வந்து சேர்ந்தது. முதல் நாள் பகல் பதினோரு மணிக்கு ஒரு கப் நிறையக் கலந்தேன். எடைக்கணக்கில் பத்துக்கு ஒன்று என்பது நான் வாங்கிய பிசினின் விகிதம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கப் சுட்டது, புகைந்தது, உருகி வளைந்தது. ஆழமான பாத்திரத்தில் பிசின் தன் சூட்டிலேயே வேகும். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பினால் சூடு வெளியேறும். அன்றிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, எவர்சில்வர் தட்டில் 100 கிராம் 100 கிராமாகக் கலந்தேன். கையுறை கட்டாயம். தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு அந்த வேலையே செய்ய முடியாமல் போகும்.

மூலைகளுக்குள் பூசும் கலவைக்குப் பிசினில் மெல்லிய மரத்தூளைச் சேர்க்க வேண்டும். பதம்தான் முக்கியம். ஒட்டுவதற்கு இட்லி மாவுப் பதம். மூலையில் பூச மெதுவடை மாவுப் பதம், கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக் கூடாது. முதலில் தையலுக்குத் தையல் நடுவில் மட்டும் கொஞ்சம் பூசி இறுகவிட்டு, மறுநாள் கம்பிகளை உருவினேன். மூன்று கம்பிகள் வர மறுத்தன. பற்றவைப்புக் கோலால் சுடவைத்து இழுத்ததும் வந்துவிட்டன. அப்புறம் முழு நீளத்துக்கும் பூச்சு, கரண்டியின் பின்புறத்தால் வழித்து ஒரே வளைவாக. அதன்மேல் மூன்று அங்குலக் கண்ணாடியிழை நாடா. உள்ளே முடித்தபின் கவிழ்த்துப் போட்டு வெளியிலும் அப்படியே. கடற்காற்றின் ஈரத்தில் இறுகிய பிசின்மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரால் துடைக்காமல் அடுத்த பூச்சைப் போட்டால் ஒட்டாது. உப்புத்தாளால் தேய்ப்பதற்கு முன்பே துடைக்க வேண்டும், இல்லையென்றால் மெழுகைத் தேய்த்து உள்ளே தள்ளிவிடுவோம்.

தேய்ப்பு, தேய்ப்பு, தேய்ப்பு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முகமூடி போடுங்கள்.

மேல்விளிம்புக்குத் தேக்குப் பட்டைகள். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்து உடனே ஒட்ட வேண்டும். இரண்டு இருக்கைகள், அவற்றின் அடியில் காற்றடைத்த பெட்டிகள். படகில் தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காமல் மிதக்க அவைதான். துடுப்பைத் தாங்கும் பித்தளைக் கவையை எங்கே பொருத்துவது என்பதில் நிறைய யோசித்தேன். வலிப்பவரின் இருக்கைக்கு அமரப்பக்கம் 12 அங்குலம் தள்ளி வைத்தேன், முதுகும் தோளும் அங்கே ஒத்துழைத்தன. துடுப்பின் நீளத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. இரண்டு கவைகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தில் பாதி, அதோடு இரண்டு அங்குலம், அது படகுக்குள் இருக்கும் பகுதி. உள்ளே 7 பங்கு என்றால் வெளியே 18 பங்கு. என் படகுக்கு 44 அங்குலம், பாதி 22, இரண்டு சேர்த்தால் 24. மொத்தம் ஏழடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பைன் மரத்தில் இழைத்தேன். கைப்பிடியைப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி, மேடு இருக்கும் இடங்களில் பென்சில் புள்ளி வைத்துக் கொடுத்தார்.

ஆவணியில் ஒரு ஞாயிறு காலை. கடலின் ஓதம் ஏறி முடிந்து, வற்றம் தொடங்குமுன் ஆறு அசையாமல் நிற்கும் நேரத்தைத் தம்பி கேட்டு வைத்திருந்தான். படகின் எடை 44 கிலோ. நானும் அவனும் இரண்டு முனையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தோம். அம்மா மஞ்சள் குங்குமம் வைத்தாள், பெரியவர் தேங்காய் உடைத்தார். அம்மா 52 கிலோ, நான் 61, படகோடு சேர்த்து 157 கிலோ. அதாவது 157 லிட்டர் தண்ணீரை அது விலக்கியாக வேண்டும். நாலு அங்குலம் அமிழும் என்று கணக்குப் போட்டு வெளியில் பென்சிலால் கோடு கிழித்திருந்தேன். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது.

துடுப்பு வலிப்பவர் போகிற திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். எனக்குக் கரைதான் தெரிந்தது, கையை ஆட்டிக்கொண்டு நின்ற தம்பி தெரிந்தான். எதிரில் அமரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஆறு முழுவதும் தெரிந்தது. உயிர்காப்பு அங்கியோடு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "இடது... இடது... இல்ல, உனக்கு வலது" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தாள். பத்து நிமிடத்தில் எங்களுக்குள் ஒரு முறை வந்துவிட்டது. அவள் கையைக் காட்டுவாள், அந்தப் பக்கத் துடுப்பை நான் நிறுத்திப் பிடிப்பேன். துடுப்பு தண்ணீரிலிருந்து எழும்போது சொட்டும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. காடு இருக்கும் பக்கம் போகவில்லை, அது காப்புக்காடு. ஆற்றின் அகலத்திலேயே மேலும் கீழுமாக வலித்தோம்.

திரும்பும்போது அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, குனிந்து தன் காலருகே பார்த்தாள். பின்னடைப்பும் அடிப்பலகையும் சாய்பலகையும் கூடும் மூலையில் விரலை வைத்துத் தடவினாள். விரலை எனக்குக் காட்டினாள், ஈரம்.

"இங்க ஒரு தையல் விட்டுருக்க."

கரையில் கவிழ்த்துப் பார்த்தோம். மூன்று பலகைகள் சேரும் அந்த மூலையில் நாடாவின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு காற்றுக்குமிழ். அதை வெட்டி எடுத்தால், கீழே அடைக்காமல் விட்ட ஒரு கம்பித் துளை. 256இல் ஒன்று. அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் 20 கிராம் பிசின் கலந்தேன். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். அம்மா குச்சியில் தொட்டு, அந்தத் துளையை அவள் கையாலேயே அடைத்தாள்.